சத்தம் போடாத தண்ணியிலதான் ஆபத்து!
ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு கிளம்புமுன் இதைப் படியுங்கள்

தர்மபுரி-

லீவு நாள் காலை 6 மணி. தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒகேனக்கல் பஸ் வந்து நின்றதும் ஒரே தள்ளுமுள்ளு! ஜன்னல் வழியாகத் துண்டு விழுகிறது. பை விழுகிறது. சில சமயம் பிள்ளையே உள்ளே விழுகிறது!

தூக்குச்சட்டியில் புளிசாதம். ஒரு பாட்டிலில் நல்லெண்ணெய். சீயக்காய்ப் பொட்டலம். மாற்றுத் துணி மூட்டை. தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே கிளம்பிவிடுகிறது.

வண்டி முழுக்கச் சிரிப்பு, கும்மாளம்.

அத்தனை பேரும் அதே சிரிப்போடு சாயந்தர வண்டியில் திரும்ப வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

புகையும் கல்

தர்மபுரியில் இருந்து ஒகேனக்கல் 46 கிலோ மீட்டர். பென்னாகரம் தாண்டினால் ரோடு மலையை விட்டு இறங்க ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் காடு. யானை குறுக்கே வரும் பாதை இது. டிரைவர் 'ஹாரன்' அடிக்காமல் வண்டியை நிறுத்தினால், "என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று சத்தம் போடாதீர்கள். எதிரே பெரியவர் நின்றுகொண்டிருக்கலாம்!

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' என்றால் கல்தான். காவிரி இங்கே பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. விழுந்த வேகத்தில் தண்ணீர் தூளாகிப் புகை மாதிரி எழும்புகிறது. அதனால் இந்தப் பெயர்.

இங்கே உள்ள ஒரு வகைப் பாறைக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று நிலவியல் நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு காலமான கல்லையே குடைந்து பள்ளமாக்கிய தண்ணி இது. நாம் எம்மாத்திரம்? இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

1992-ல் வெளிவந்த 'ரோஜா' படத்தில் ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு, "ஆஹா, இது எந்த ஊரு?" என்று கேட்டவர்கள் ஏராளம். "எங்க ஊருதாங்க!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள் தர்மபுரிக்காரர்கள்.

ஏரி உண்டு, குளிக்க இடம் இல்லை

வெளிநாட்டில் மலை ஏரிக்கரையிலேயே மணல்வெளி இருக்கும். அமெரிக்காவில் 'டாஹோ' என்று ஓர் ஏரி. கடல் மட்டத்துக்கு மேலே 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. ஆழம் 1,600 அடிக்கு மேல். கோடை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மணலில் வீடு கட்டுகின்றன.

நம் ஊரில் மலை ஏரிக்குப் பஞ்சமா? ஊட்டி ஏரி 1824-ல் கலெக்டர் சல்லிவன் காலத்தில் வந்தது. கொடைக்கானல் ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி முயற்சியில் உருவானது. தர்மபுரிக்குப் பக்கத்தில் ஏற்காட்டிலும் ஏரி இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் படகு விட மட்டும்தான். இறங்கிக் குளிக்க முடியாது.

எனவே, "மலையும் வேணும், தண்ணியும் வேணும், முங்கிக் குளிக்கவும் வேணும்" என்கிறவர்களுக்கு ஒகேனக்கல்தான் கதி. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், ஏன், சென்னையில் இருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எண்ணெய்க் குளியல்

பஸ்சை விட்டு இறங்கியதும் இரண்டு வாசனை மூக்கைத் துளைக்கும். ஒன்று எண்ணெய். இன்னொன்று மீன் வறுவல்.

மசாஜ் தொழிலாளிகள் கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்பார்கள். பாறையில் உட்கார வைத்து உச்சந்தலையில் ஒரு தட்டு. பிறகு கழுத்து, தோள், முதுகு, கால். நரம்பு நரம்பாக உருவிவிடுவார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலி வந்த குமாஸ்தாவுக்கும், கல்லாவில் நின்று கால் கடுத்த கடைக்காரருக்கும் அந்த அரை மணி நேரம் சொர்க்கம்!

இங்கேதான் முதல் எச்சரிக்கை.

எண்ணெய் தேய்த்த உள்ளங்கால், பாசி பிடித்த பாறை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சறுக்குமரம்தான்! விழுந்தால் மண்டை பாறையில் மோதும். மயங்கியவனுக்கு முழங்கால் தண்ணியே போதும், மூழ்கிப்போவதற்கு. எண்ணெய் தேய்த்து முடிந்ததும் உள்ளங்காலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இன்னொரு விஷயம். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இந்த ஆற்றுத் தண்ணிதான் போகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்களுக்கு இது உயிர்த்தண்ணி. அதில் ஷாம்பு பாக்கெட்டையும், பழைய துணியையும், பிரியாணிப் பொட்டலத்தையும் வீசலாமா? நம் வீட்டுக் குடத்தில் நாமே குப்பை போடுகிற மாதிரிதான்!

அருவியில் நிற்கலாம்

மெயின் அருவி, சினி பால்ஸ், ஐந்தருவி என்று இங்கே அருவிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. தண்ணி அளவோடு வரும் காலத்தில் மெயின் அருவியில் கம்பி கட்டிய இடத்தில் நின்று குளிக்கலாம். காலுக்குக் கீழே கெட்டியான தரை. பிடித்துக்கொள்ளக் கம்பி. பக்கத்தில் நூறு பேர். வழுக்கினாலும் தூக்கிவிட ஆள் இருக்கிறது.

அருவி 'ஓ'வென்று இரைகிறது. அந்தச் சத்தத்திலேயே மனிதனுக்குப் பயம் வந்துவிடுகிறது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்கிறான்.

பயம் இருக்கிற இடத்தில் ஜாக்கிரதை இருக்கிறது.

மணல் திட்டில் இறங்கலாமா?

அருவியை விட்டுத் தள்ளிப் போனால் காட்சி மாறிவிடும். ஆறு அகன்று ஓடும். ஓரத்தில் வெள்ளை மணல். தண்ணியில் சலசலப்புக்கூட இருக்காது. கண்ணாடி மாதிரி கிடக்கும். கூட்டம் இல்லை, நெரிசல் இல்லை, டிக்கெட் இல்லை.

"அப்பா, இங்கயே குளிக்கலாம்ப்பா!" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்.

"ஆமாங்க, இங்க கூட்டமே இல்ல. பொம்பளைங்களுக்கும் வசதி" என்பார் வீட்டுக்கார அம்மா.

அப்பாவுக்கும் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்!

கடற்கரை போல ஆற்று மணல் சீராகச் சரிவதில்லை. முதல் அடி கணுக்கால். இரண்டாவது அடி முழங்கால். மூன்றாவது அடியில் தரையே இருக்காது! மேலே அசையாமல் கிடக்கும் தண்ணி, அடியில் மணலை அரித்துக்கொண்டு ஓடும். நிற்கிற காலுக்குக் கீழே இருந்தே மணல் உருவிக்கொண்டு போகும்.

பாறைப் பக்கம் போனால் வேறு மாதிரி வம்பு. சுழல் தண்ணி கூழாங்கல்லை வைத்துக் குடைந்து குடைந்து, உரல் மாதிரி குழி போட்டு வைத்திருக்கும். வெளியே தெரியாது. கால் உள்ளே போனால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். நீச்சலில் சூரனாக இருந்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது. கிணற்று நீச்சல் வேறு, ஆற்று நீச்சல் வேறு. கிணற்றில் தண்ணி சும்மா இருக்கும்; நீங்கள் நீந்துவீர்கள். ஆற்றிலே தண்ணி உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

போதாக்குறைக்கு இந்த ஆற்றில் முதலையும் உண்டு. வனத்துறை இங்கே முதலைப் பண்ணை வைத்திருப்பது வேடிக்கைக்காக மட்டும் இல்லை! ஆள் நடமாட்டம் இல்லாத மடுவில் இறங்குகிறவர்கள் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கன அடி = ரெண்டு குடம்

"ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு 8 ஆயிரம் கன அடி" என்று பேப்பரில் தினமும் படிக்கிறோம். அப்படி என்றால் என்ன?

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு கன அடி தண்ணி 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். எனவே 8 ஆயிரம் கன அடி என்றால், நீங்கள் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் சுமார் 16 ஆயிரம் குடம் தண்ணி உங்களைத் தாண்டிப் போகிறது!

லாரிக் கணக்கில் சொன்னால், 10 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி வினாடிக்கு 22. அதுவே ஒரு லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு 283 லாரி!

கோடையில் சில நூறு கன அடியாகச் சுருங்கிப் பாறை எலும்பு எலும்பாகத் தெரிகிற அதே ஆறு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் லட்சத்தைத் தாண்டும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் பொங்கியது. அருவி எது, பாறை எது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரே செந்தண்ணிக் காடு!

வானம் பளிச், தண்ணி வரும்!

ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். "மழையே இல்லையே, வெயில் சுள்ளுன்னு அடிக்குதே, வெள்ளம் எப்படி வரும்?" என்கிறார்கள்.

ஒகேனக்கல் வெள்ளம் ஒகேனக்கல்லில் பிறப்பதில்லை. குடகு மலையிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பும். அங்கே மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணி ஓரிரு நாளில் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி இங்கே வந்து நிற்கும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் தண்ணியை அளந்து சொல்கிறார்கள். பேப்பரிலும் டி.வி.யிலும் வருவது அந்தக் கணக்குதான்.

இது தவிர, அஞ்செட்டி, ராசிமணல், நாட்றாம்பாளையம் பக்கம் காட்டு மழை பெய்தாலும் ஆறு திடீரென்று ஏறும். இதற்கு அணையும் மதகும் தேவையில்லை.

ஏறுகிற தண்ணி முன்கூட்டியே அடையாளம் காட்டும். தெளிந்த தண்ணி செம்மண் நிறமாகும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். இரைச்சல் கூடும். காய்ந்த பாறையில் கழற்றி வைத்த செருப்பு நனையும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் போதும். "இன்னும் ஒரு முங்கு" என்று நிற்காதீர்கள். துணியை விட்டாலும் பரவாயில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

தடை நாளில் நடப்பது என்ன?

தண்ணி அதிகமானால் மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடும். நிலைமையைப் பார்த்து கலெக்டர் முடிவு செய்வார். ஆடிப்பெருக்கு சமயத்தில்தான் பல வருஷம் இந்தத் தடை வந்து சேரும்.

தடை வந்தால் ஊரே வாடிப்போகிறது. பரிசல்காரருக்குத் துடுப்புப் பிடிக்க வேலை இல்லை. மசாஜ் தொழிலாளிக்குக் கூலி இல்லை. மீன் வறுக்கிற அம்மாவுக்கு அடுப்பு எரியாது. அந்தக் கஷ்டம் உண்மையான கஷ்டம். அவர்கள் தடையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் துடுப்பைக் கரையில் சாத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

வெளியூரில் இருந்து வந்தவருக்குத்தான் மனசு ஆறுவதில்லை. "அவ்வளவு தூரத்தில் இருந்து பெட்ரோல் போட்டு வந்தாச்சு. பிள்ளைகள் அழுது. சும்மா திரும்பறதா?" என்று யோசிக்கிறார். அருவியில் போலீஸ் நிற்கிறது. சரி, போலீஸ் இல்லாத இடமாகப் பார்ப்போம் என்று ஆற்றோரமாகவே வண்டியை விடுகிறார். ஏதோ ஒரு பொதுப்பாதை, ஏதோ ஒரு மடு. தண்ணி அமைதியாகத்தான் கிடக்கிறது...

கம்பியும் காவலும் இருக்கிற இடத்தில் குளிக்கக் கூடாது என்று சொன்ன ஒரு நாளில், கம்பியும் காவலும் இல்லாத இடத்தில் குளிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்!

தடை என்றால் என்ன செய்வது?

முதல் வேலை, கிளம்புவதற்கு முந்தின நாள் நீர்வரத்து எவ்வளவு, தடை உண்டா என்று பார்த்துவிடுவது. செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை.

வந்த பிறகு தடை என்று தெரிந்தால், அனுமதிக்கிற இடத்தில் நின்று வெள்ளத்தைக் கண்ணாரப் பாருங்கள். அதுவே கோடி பெறும்! முதலைப் பண்ணையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீன் வறுவல் சாப்பிடுங்கள். அந்த ஊர்க்காரருக்கும் அன்றைக்கு நாலு காசு கிடைக்கும்.

திரும்பும் வழியில் பாப்பாரப்பட்டி இருக்கிறது. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண் மூடிய ஊர். அவர் நினைவு மணிமண்டபம் அங்கே உள்ளது. தர்மபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை இருக்கிறது. காலபைரவர் கோவில், சென்னராயப் பெருமாள் கோவில் இரண்டும் பார்க்கலாம். அரூர் பக்கம் தீர்த்தமலை இருக்கிறது. மலை ஏறினால் ராமர் தீர்த்தம் பாறையில் இருந்து தலையில் விழும். குளிக்கவில்லையே என்ற குறையும் தீரும்!

பரிசல் பயணம்

ஒகேனக்கல் போய்விட்டுப் பரிசலில் ஏறாமல் வந்தால் பிள்ளைகள் விடுமா? மூங்கில் பிளாச்சால் கூடை மாதிரி முடைந்து, அடியில் தண்ணி புகாத விரிப்பு கட்டியது பரிசல். அந்தக் காலத்தில் தோல் போர்த்துவார்கள். வட்டமான பாத்திரம் என்பதால் முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. ஒருவர் எழுந்து நின்றால் போதும், ஒரு பக்கமாகச் சாயும்.

2015 ஏப்ரல் மாதம் இங்கே பரிசல் கவிழ்ந்து, சென்னையில் இருந்து சுற்றுலா வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துத் தமிழ்நாடே கலங்கியது.

பரிசலில் ஏறினால் 'லைப் ஜாக்கெட்' போட்டே ஆக வேண்டும். சும்மா தோளில் மாட்டினால் போதாது. வார் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாகக் கட்டினால் தண்ணியில் ஜாக்கெட் மேலே மிதக்கும். ஆள் கீழே நழுவிப்போவார். "வியர்க்குது" என்று நடுவில் கழற்றாதீர்கள். படம் பிடிக்க எழுந்து நிற்காதீர்கள். அனுமதித்த துறையில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர்கள். "ஒரு சின்னப் பையன்தானே, மடியில் வெச்சுக்கறோம்" என்று பரிசல்காரரிடம் கெஞ்சாதீர்கள். அவர் பிழைப்பையும் கெடுத்து, உங்கள் உயிருக்கும் உலை வைக்கிற பேச்சு அது.

மேட்டூர் தண்ணியும் அப்படித்தான்

ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி, மேட்டூர் அணைத் தேக்கத்தில் போய்ச் சேருகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை. தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூர், நாகமரைப் பக்கம் வரை அந்தத் தண்ணி பரந்து கிடக்கிறது. சாயந்தரம் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட அருமையான இடம்.

ஆனால் இது ஊர்கள் மூழ்கிய தண்ணி. அணை இறங்கும்போது எதிர்க்கரை பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் மாதா கோவில் கோபுரமும் வெளியே தலை காட்டும். அடியில் கோபுரமே இருக்கிறது என்றால், மேடு எத்தனை, பள்ளம் எத்தனை! தண்ணி வற்றிய ஓரத்தில் வண்டல் சேறு வேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும். மிதித்தால் இடுப்பு வரை இழுக்கும்.

தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு, பஞ்சப்பள்ளி என்று மாவட்டத்தில் உள்ள சிறு அணைகளுக்கும் இதே கதைதான். அவை பாசனத்துக்குக் கட்டியவை. குளிக்கக் கட்டியவை கிடையாது. பார்க்கலாம், காற்று வாங்கலாம். இறங்கக் கூடாது.

கத்தமாட்டார்கள்!

சினிமாவில் தண்ணியில் மூழ்குகிறவர் கையை ஆட்டுவார். "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. இதுதான் மிகப் பயங்கரமான விஷயம்.

மூழ்குகிறவருக்கு மூச்சு இழுக்கவே நேரம் போதாது. கத்துவது எங்கே? வாய் தண்ணிக்கு மேலே வரும், உள்ளே போகும். கை பக்கவாட்டில் தண்ணியை அழுத்தும். தலை பின்னால் சாயும். பார்க்கிறவருக்கு விளையாடுகிற மாதிரியே இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். குழந்தை என்றால் அதைவிடச் சீக்கிரம்.

பத்தடி தள்ளி அப்பா போனில் பேசிக்கொண்டிருப்பார். சித்தப்பா படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கும் தெரியாது.

இந்தியாவில் ஒரு வருஷத்துக்கு 30 ஆயிரம் பேருக்கு மேல் தண்ணியில் மூழ்கி இறக்கிறார்கள். இது அரசாங்கக் கணக்கு. உலகம் முழுவதும் 2021-ல் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைத் தடுக்கவே ஜூலை 25-ந் தேதியை ஐ.நா. சபை தனி நாளாக அறிவித்திருக்கிறது.

எனவே வீட்டில் ஒருவரைக் 'காவல் ஆள்' ஆக்கிவிடுங்கள். அவர் குளிக்கக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. தண்ணியில் இருக்கிற தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். 'பாட்டில்' போட்டவரைத் தண்ணிப் பக்கமே விடாதீர்கள்.

குதிக்காதீங்க, எறியுங்க!

ஒருவர் தத்தளித்தால் பார்த்தவர் பாசத்தில் குதித்துவிடுகிறார். மூழ்குகிறவர் பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். இரண்டு பேரும் போகிறார்கள். மூன்றாவது ஆள் குதிக்கிறார். அண்ணன், தம்பி, மாமன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

நீச்சலும், ஆட்களைக் காப்பாற்றும் பயிற்சியும் இல்லாதவர் இறங்கவே கூடாது. கரையில் நின்று எறியுங்கள். கயிறு, சேலை, வேட்டி, நீளக் கம்பு, எது கிடைத்தாலும் சரி. தரையில் படுத்துக்கொண்டு நீட்டினால் உங்களை இழுத்துவிடாது.

மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்று, நீளக் கயிறு ஒன்று. புளிசாதத்தோடு இதையும் எடுத்துப் போங்கள். தண்ணியில் மனித உடம்பு பெரும்பகுதி தானே மிதக்கும். தலையை மேலே வைக்கச் சின்ன உதவி போதும். 5 லிட்டர் காலி கேனை மார்போடு அணைத்துக்கொண்டால் ஆள் மிதப்பார். கேனில் கயிற்றைக் கட்டி எறிந்தால் கரைக்கே இழுத்துவிடலாம். செலவு எவ்வளவு? ஒரு பிளேட் மீன் வறுவல் காசுகூட ஆகாது!

தலைகீழாகப் பிடிக்காதீர்கள்

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கிற தப்பும் உயிரைக் குடிக்கும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்குவார்கள். இரண்டும் கூடாது. வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும். 30 அழுத்தல், 2 ஊதல் என்று மாறி மாறி நிறுத்தாமல் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

கண் விழித்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள். நுரையீரலில் தண்ணி போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறும்.

அங்கே கயிறு, இங்கே?

முதலில் சொன்னோமே, வெளிநாட்டு ஏரிக்கரை? அங்கே குளிக்கிற இடங்கள் பலவற்றில் தண்ணிக்குள் மிதவை கட்டி எல்லை போட்டிருப்பார்கள். காவலர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணி அங்கேயும் ஆள் விழுங்கும் தண்ணிதான். ஏற்பாடுதான் வித்தியாசம்.

இங்கேயும் செய்யலாம். மக்கள் இறங்குகிற மணல் திட்டுகள் எவை என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து மிதவைக் கயிறு கட்டலாம். ஆபத்தான மடு ஒவ்வொன்றிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் போர்டு வைக்கலாம். ஆற்றை அத்துபடியாக அறிந்த பரிசல்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துக் காவல் வேலை கொடுக்கலாம். தடை நாளில் அவர்கள் வீட்டு அடுப்பும் எரியும். வருகிறவர்கள் உயிரும் பிழைக்கும்.

அதுவரை நம் உயிருக்கு நாம்தான் காவல்.

சாயந்தரம் 5 மணி. ஒகேனக்கல் பஸ் நிலையத்தில் மறுபடி தள்ளுமுள்ளு. தூக்குச்சட்டி காலி. ஈரத் துணி மூட்டை. அம்மா தோளில் பிள்ளை தூங்குகிறது. கண்டக்டர் கேட்கிறார்:

"எத்தனை டிக்கெட்?"

காலையில் எத்தனை எடுத்தீர்களோ, அத்தனை!